பொன்னாடைக்கு முன்னால் ஒரு வேலை: ஊர்ச் சங்கங்களின் நிர்வாகக் குழுக்களுக்குத் திறந்த மடல்

அன்புள்ள தலைவர், செயலாளர், பொருளாளர், செயற்குழு உறுப்பினர் அனைவருக்கும் வணக்கம்.

தமிழ்நாட்டுச் சிற்றூர்களிலும் நகரத்துப் பேட்டைகளிலும் இளைஞர் மன்றம், ரத்ததானக் கழகம், மாலைப் படிப்பகம், விளையாட்டுக் குழு என்று பதிவு செய்து நடத்திவரும் உங்களுக்கு இதை எழுதுகிறோம். உங்கள் சங்கத்தில் எல்லோரும் ‘அண்ணன்’ என்றோ ‘அக்கா’ என்றோ ‘சார்’ என்றோ கூப்பிடும் ஒருவர் கட்டாயம் இருப்பார். வேலைக்குப் போய்க்கொண்டே தொடங்கி, ஓய்வு பெற்ற பிறகும் விடாமல், முப்பது நாற்பது வருடமாகச் சங்கத்தைத் தாங்கி வருபவர். அலமாரிச் சாவி அவரிடம். ரத்தம் கேட்டு நடு இரவில் வரும் போன் அவருக்கு. படிப்பகத்துக்கு எந்தப் பிள்ளை சாப்பிடாமல் வந்திருக்கிறது என்பது முகத்தைப் பார்த்தே அவருக்குத் தெரிந்துவிடும்.

இன்று 55, 60 வயதைத் தாண்டிய இப்படிப்பட்டவர்களில் பலர், எழுதப் படிக்கத் தெரியாத பெரியவர்களுக்கு எழுத்தறிவித்த அறிவொளி இயக்கக் காலத்தில் பொதுவேலைக்கு வந்தவர்கள். 1991இல் புதுக்கோட்டை மாவட்டத்தில் அந்த இயக்கம் நடந்தபோது எழுத்தோடு சேர்த்துப் பெண்களுக்கு சைக்கிளும் பழக்கினார்கள். சம்பளமில்லாமல் லாந்தர் வெளிச்சத்தில் பாடம் நடத்திப் பழகிய அந்தக் கைகள்தான் பிறகு ரத்ததான முகாம், நூலகம், படிப்பகம் என்று எதையாவது செய்துகொண்டே இருந்தன.

அடுத்த ஆண்டு விழாவில் அவருக்குப் பொன்னாடை போர்த்தி, ‘வாழ்நாள் சேவைச் செம்மல்’ என்று கேடயம் கொடுக்கலாம் என்று நினைத்திருப்பீர்கள். தாராளமாகச் செய்யுங்கள். அதற்கு முன்னால் முடிக்க வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது. அவர் மனக்கணக்கில் நடத்திவரும் சங்கத்தை எழுத்தில் எடுங்கள். இரண்டு மூன்று பேர் கையில் பிரித்துக் கொடுங்கள். அவர் தெம்பாக இருக்கும்போதே அவர் கண்ணெதிரில் நடத்திக் காட்டுங்கள். இதைச் செய்யாத சங்கங்களில் அந்த ஒருவர் படுக்கையில் விழுந்ததும் கதவு பூட்டப்படுகிறது. பிறகு திறப்பதற்கு யாரிடமும் சாவி இருப்பதில்லை. அவர் உழைப்பு அத்தனையும் அதோடு போய்விடுகிறது என்பதுதான் எங்கள் கவலை.

ரத்ததானத்தை எடுத்துக்கொள்வோம். அவர் தலைக்குள் என்னென்ன இருக்கிறது என்பது அங்கேதான் பளிச்சென்று தெரியும்.

பணத்துக்கு ரத்தம் கொடுப்பவர்கள் ஆஸ்பத்திரி வாசலில் காத்திருந்த காலம் ஒன்று இருந்தது. உச்ச நீதிமன்றம் 1996இல் அளித்த தீர்ப்பால் 1998 ஜனவரி 1 முதல் அந்த வழக்கம் தடை செய்யப்பட்டது. அந்த இடத்தை நிரப்பியவர்கள் உங்கள் அண்ணன்மார்தான். ஒரு சின்ன டைரியில் பெயர், ரத்த வகை, போன் நம்பர், கடைசியாகக் கொடுத்த தேதி என்று எழுதி வைத்துக்கொண்டு ஊரையே ஒரு ரத்த வங்கிபோல் நடத்தினார்கள். ஆண் ஒருமுறை கொடுத்தால் மறுமுறைக்கு 90 நாள் இடைவெளி வேண்டும். பெண்ணுக்கு 120 நாள். ‘அவன் மார்ச் கடைசியில் கொடுத்தான், ஜூலைக்கு முன்னால் கூப்பிடாதே’ என்று டைரியைத் திறக்காமலே அவர் சொல்வார். அவர் இல்லாத நாளில் வாட்ஸ்அப் குழுவில் ‘பி பாசிட்டிவ் அவசரம்’ என்று போடுவீர்கள். முப்பது பேர் கைகூப்பும் பொம்மை அனுப்புவார்கள், ஒருவரும் போய்ச் சேர மாட்டார்கள். இன்றைக்கு யார் கொடுக்கும் நிலையில் இருக்கிறார், யாரிடம் வண்டி இருக்கிறது, யாருக்கு இரவு ஷிப்ட் என்பது அந்தக் குழுவில் யாருக்கும் தெரியாது.

எனவே முதல் வேலை டைரியைப் பட்டியலாக்குவது. ஒரு நோட்டு போதும், கணினியில் ஏற்றினால் இன்னும் நல்லது. ஒவ்வொருவருக்கும் ஒரு வரி: பெயர், பிறந்த ஆண்டு, ரத்த வகை, எடை, கடைசியாகக் கொடுத்த தேதி, அடுத்துக் கொடுக்கத் தகுதி வரும் தேதி, தெரு, கூப்பிடத் தோதான நேரம், போன முறை அவரிடம் ரத்தம் எடுக்க மறுத்திருந்தால் அதன் காரணம். எடை எதற்கு என்று கேட்கலாம். 45 கிலோவுக்குக் குறைந்தால் எடுக்க மாட்டார்கள். 350 மில்லி எடுப்பதா, 450 மில்லி எடுப்பதா என்பதையும் எடைதான் முடிவு செய்யும், 450க்கு 55 கிலோ தாண்டியிருக்க வேண்டும். பிறந்த ஆண்டு இருந்தால் 18 ஆகாதவரையும் 65 தாண்டியவரையும் கூப்பிட்டு அலைய வைக்க மாட்டீர்கள். முதல்முறை கொடுப்பவருக்கு உச்ச வயது 60 என்பதையும் ஓரத்தில் குறித்து வையுங்கள். பட்டியல் எல்லோர் கைக்கும் போகக் கூடாது. ஒருவருடைய உடல்நிலைத் தகவல் அதில் இருக்கிறது. பொறுப்பாளர் இருவரிடம் மட்டும் இருக்கட்டும்.

அடுத்தது முகாம். தலைவர் பிறந்தநாள், கோயில் திருவிழா, கட்சி மாநாடு என்று ஒரே நாளில் முந்நூறு பேரைத் திரட்டிப் படம் எடுத்துக்கொள்ளும் முகாம்களால் நோயாளிக்குக் கிடைக்கும் பலன் நீங்கள் நினைப்பதைவிடக் குறைவு. எடுத்த ரத்தத்தைப் பிரித்து வைத்தால் சிவப்பணு அதிகபட்சம் 42 நாள் தாங்கும். தட்டணுவுக்கு (பிளேட்லெட்) ஐந்தே நாள்தான் ஆயுள், அதையும் 20 முதல் 24 டிகிரி வெப்பத்தில் அசைத்துக்கொண்டே வைத்திருக்க வேண்டும். உறையவைத்த பிளாஸ்மா மட்டும்தான் ஒரு வருடம் நிற்கும். ஒரே நாளில் குவிந்ததில் ஒரு பகுதி காலாவதியாகப் போகும். அதைவிட மோசம் என்னவென்றால், அன்று கொடுத்த ஊர்க்காரர்கள் எல்லோரும் ஒரே சமயத்தில் மூன்று மாதத்துக்குத் தகுதி இழக்கிறார்கள். அடுத்த வாரம் பிரசவத்தில் ஒரு பெண்ணுக்கு ரத்தப்போக்கு என்றால் உள்ளூரில் கூப்பிட ஆள் இருக்காது.

அனுபவப்பட்ட தொண்டர் அதனால்தான் கூட்டத்தைப் பிரித்து வைப்பார். பட்டியலில் இருநூறு பேர் இருந்தால் மூன்று மாதத்துக்கு ஒரு முகாம், முகாமுக்கு நாற்பது ஐம்பது பேர். மீதிப் பேர் அவசர அழைப்புக்கு. நெகட்டிவ் வகைக்காரர்களை முகாமுக்கே அழைக்க மாட்டார். அவர்கள் எண்ணிக்கையில் மிகக் குறைவு, தேவை வரும்போது நேராக ஆஸ்பத்திரிக்கு அனுப்புவார். ஏப்ரல், மே மாதங்களில் கல்லூரிகள் மூடியிருக்கும், மாணவர்கள் கிடைக்க மாட்டார்கள். அப்போது ஆலை, பஸ் டெப்போ, வணிகர் சங்கம் என்று வேறு பக்கம் பார்ப்பார். ஐப்பசி, கார்த்திகை மழையில் டெங்கு கூடும்போது தட்டணு கேட்டு வருவார்கள் என்று தெரிந்து, தீபாவளியை ஒட்டி ஒரு முகாமை வைத்திருப்பார். இந்த வருடாந்திர ஓட்டத்தை அவரிடம் கேட்டு ஒரு காலண்டரில் குறித்துச் சங்கச் சுவரில் மாட்டுங்கள்.

முகாம் நாளில் அவர் கண் எங்கே போகிறது என்று உடன் நின்று பாருங்கள். பந்தலில் ஆள் படுக்கும் கட்டில் பக்கம் அவர் அதிகம் போக மாட்டார், அதை ரத்த வங்கி ஊழியர்கள் பார்த்துக்கொள்வார்கள். வரிசையின் தலைமாட்டில் நின்று ‘காலையில் என்னப்பா சாப்பிட்டே?’ என்று ஒவ்வொருவரையும் கேட்பார். நான்கு மணி நேரத்துக்குள் எதுவும் சாப்பிடாதவனை இட்லி சாப்பிட அனுப்பிவிடுவார். ராத்திரி கண் விழித்தவன், முந்தின நாள் குடித்தவன், ஆறு மாதம் முன்பு பச்சை குத்தியவன் எல்லோரையும் அங்கேயே மரியாதையாகத் திருப்பிவிடுவார். பச்சை குத்தியிருந்தால் ஒரு வருடம் கழிய வேண்டும். பிறகு வரிசையின் கடைசிக்குப் போவார். கொடுத்து முடித்தவர் பத்துப் பதினைந்து நிமிடம் உட்கார்ந்து ஜூஸும் பிஸ்கட்டும் சாப்பிட்டே ஆக வேண்டும் என்பதில் அவர் விட்டுக்கொடுப்பதில்லை. மயக்கம் பெரும்பாலும் கட்டிலில் வருவதில்லை. எழுந்து நடந்த பிறகு, கழிப்பறையில், பைக்கை உதைக்கும்போது வரும். அப்படி ஒருவன் சாய்ந்தால் அவனைத் தூக்கி உட்கார வைக்கப் பார்க்காமல், படுக்க வைத்துக் காலை உயர்த்திப் பிடிக்க வேண்டும். இரண்டு பையன்களை இதற்கென்றே நிறுத்துவார். பைக்கில் வந்தவனை அரை மணி நேரம் விடமாட்டார்.

இன்னொன்றும் அவரிடம் கற்றுக்கொள்ள வேண்டியது. விரல் நுனியில் எடுத்த துளியை நீல நிறக் கரைசலில் விடும்போது அது மூழ்காமல் மிதந்தால் ஹீமோகுளோபின் 12.5க்குக் கீழே என்று பொருள். அப்படித் திருப்பி அனுப்பப்படுகிறவர்களில் இளம்பெண்களே அதிகம். வெட்கப்பட்டுக்கொண்டு போனவர்கள் மறுபடி முகாம் பக்கம் வர மாட்டார்கள். நல்ல தொண்டர் அவர்கள் பெயரைத் தனியாக எழுதிக்கொண்டு, ஆரம்ப சுகாதார நிலையத்தில் இரும்புச்சத்து மாத்திரை வாங்கிக் கொடுக்க வழி செய்து, மூன்று மாதம் கழித்துக் கூப்பிட்டு விசாரிப்பார். ரத்தம் கொடுக்க வந்த பெண்ணின் ரத்தசோகையைக் கண்டுபிடித்துக் குணப்படுத்தியது எந்த முகாம் அறிக்கையிலும் வராது. எங்கள் கணக்கில் அதுவும் ஒரு யூனிட் ரத்தம்தான்.

ரத்தத்தைப் பற்றி நிறையச் சொல்லிவிட்டோம். பணத்துக்கு வருவோம். இங்கே நீங்கள் சங்கடப்படும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும்.

உங்கள் அண்ணன் கைக்காசைப் போட்டுத்தான் சங்கத்தை ஓட்டிவந்திருக்கிறார். முகாமுக்குப் பெட்ரோல், பிள்ளைகளுக்குச் சுண்டல், கபடிக் குழுவுக்கு பஸ் கட்டணம், மின்கட்டணம் கட்ட மறந்த மாதம் அவரே கட்டிய தொகை, எதற்கும் வவுச்சர் இல்லை. கேட்டால் ‘அது கிடக்கட்டும்’ என்பார். பெருந்தன்மைதான். ஆனால் உங்கள் வரவுசெலவு அறிக்கை அத்தனை வருடமும் தப்புக் கணக்காக இருந்திருக்கிறது. வருடம் நாற்பதாயிரத்தில் நடக்கிறது என்று நீங்கள் நம்பும் சங்கம் உண்மையில் எழுபதாயிரம் தின்றுகொண்டிருக்கலாம். அவருக்குப் பின் வருபவர் மாதம் பதினைந்தாயிரம் சம்பளம் வாங்கும் இளைஞராக இருந்தால், மூன்றாம் மாதமே கையைக் கடிக்கும். வெளியே சொல்லக் கூச்சப்பட்டு மெல்ல ஒதுங்கிவிடுவார். ‘இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குப் பொறுப்பு இல்லை’ என்று நீங்கள் பேசிக்கொள்வீர்கள்.

இதற்கு மருந்து எளியது. பொருளாளரிடம் இரண்டாயிரம் ரூபாய் சில்லறைச் செலவுக்கென்று ரொக்கமாக வையுங்கள். செலவு செய்தவர் ஒரு துண்டுச் சீட்டில் தேதி, எதற்கு, எவ்வளவு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால் அன்றே பணம். இரண்டாயிரம் தீர்ந்ததும் சீட்டுகளைக் கூட்டி, வங்கியிலிருந்து எடுத்து மறுபடி நிரப்புங்கள். கையிலிருக்கும் காசும் சீட்டுகளும் சேர்ந்தால் எப்போதும் இரண்டாயிரம் வர வேண்டும், வராவிட்டால் அன்றைக்கே தேடுங்கள். அண்ணன் பணம் வேண்டாம் என்றால் கட்டாயப்படுத்த வேண்டாம். சீட்டை மட்டும் வாங்கி, செலவில் எழுதி, அதே தொகையை அவர் தந்த நன்கொடையாக வரவில் வைத்து ரசீது கொடுங்கள். அவர் தந்தது ஊருக்குத் தெரியும், சங்கத்தின் உண்மைச் செலவும் தெரியும். ரசீது புத்தகம் வரிசை எண் அச்சிட்டதாக, கார்பன் நகலுடன் இருக்கட்டும். வருமான வரிச் சலுகைக்குப் பதிவு பெற்ற சங்கமாக இருந்தால், இரண்டாயிரத்துக்கு மேல் ரொக்கமாகக் கொடுப்பவருக்கு அந்தச் சலுகை கிடைக்காது என்பதை வாங்கும்போதே சொல்லிவிடுங்கள்.

காகிதங்களின் நிலை பெரும்பாலும் இதைவிட மோசம். 1975ஆம் ஆண்டு தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டப்படி நிர்வாகக் குழுவின் பதவிக்காலம் மூன்று ஆண்டுக்கு மேல் போகக் கூடாது. அதே ஆட்களை மறுபடி தேர்ந்தெடுக்கலாம், ஆனால் தேர்ந்தெடுக்க வேண்டும், மாற்றத்தை மாவட்டப் பதிவாளரிடம் தாக்கல் செய்ய வேண்டும். பல சங்கங்களில் தேர்தல் நடக்கும், மாலை போடுவார்கள், தாக்கல் மட்டும் நடக்காது. அது அண்ணனின் வேலை என்று எல்லோரும் இருந்துவிடுவார்கள். பதிவாளர் அலுவலகக் கோப்பில் பதினைந்து வருடத்துக்கு முந்தைய குழு அப்படியே இருக்கும், அதில் இரண்டு பேர் காலமாகியிருப்பார்கள். அவர் படுத்துவிட்ட பிறகு புதுச் செயலாளர் வங்கிக்குப் போய்க் கையெழுத்து அதிகாரத்தை மாற்றச் சொன்னால், வங்கி பதிவாளர் கோப்பில் உள்ள குழுவின் நகலைக் கேட்கும். அதில் இவர் பெயர் இருக்காது. இரண்டு வருடம் கணக்கில் வரவு செலவு இல்லாவிட்டால் கணக்கு செயலற்றதாகிவிடும். பத்து வருடம் யாரும் தொடாமல் விட்டால் பணம் ரிசர்வ் வங்கியின் நிதிக்குப் போய்விடும். உரிய காகிதம் காட்டித் திரும்பப் பெறலாம், உங்களிடம்தான் காகிதம் இருக்காதே.

ஒரு சனிக்கிழமை பிற்பகலை ஒதுக்கி அண்ணன் வீட்டுக்குப் போங்கள். பதிவுச் சான்றிதழ், துணைவிதிகள், பான் அட்டை, பாஸ் புக், காசோலைப் புத்தகம், பழைய தீர்மானப் புத்தகங்கள், கட்டிட வாடகை ஒப்பந்தம், மின் இணைப்பு அட்டை எல்லாவற்றையும் பாயில் பரப்பி வைத்து ஒவ்வொன்றாக எழுதிக்கொள்ளுங்கள். எது அவர் சொந்தப் பெயரில் இருக்கிறது என்று தனியாகக் குறியுங்கள். மின் இணைப்பும், சங்கக் கணக்கின் ஓடிபி வரும் செல் நம்பரும், முகநூல் பக்கமும், வாட்ஸ்அப் குழுவின் அட்மின் பொறுப்பும் அவர் பெயரில்தான் இருக்கும். சங்கத்துக்கென்று ஒரு சிம் வாங்கி ஒவ்வொன்றாக மாற்றுங்கள். பிளெக்ஸிலும் நோட்டீஸிலும் அந்த எண்ணையே போடுங்கள். காகிதங்களை ஸ்கேன் செய்து இரண்டு இடத்தில் வையுங்கள், மூலம் சங்க அலமாரியில் இருக்கட்டும், சாவி இரண்டு பேரிடம். இதைச் செய்யும்போது அவர் மனம் நோகாதபடி பேசுவது உங்கள் பொறுப்பு. பறிமுதல் செய்ய வந்தவர்கள்போல் போய் நிற்காதீர்கள். உங்களில் மூத்தவர் ஒருவரும், அவரிடம் சின்ன வயதில் படித்த ஒருவரும் சேர்ந்து போனால் நல்லது.

படிப்பகம் நடத்துகிறவர்களுக்கு மட்டும் சில வார்த்தை. 2021 அக்டோபர் 27இல் விழுப்புரம் மாவட்டம் மரக்காணம் அருகே முதலியார்குப்பத்தில் தொடங்கிய இல்லம் தேடிக் கல்வித் திட்டம் இருபது பிள்ளைக்கு ஒரு தன்னார்வலர், மாலை ஐந்து முதல் ஏழு மணிக்குள் வகுப்பு என்று வைத்தது. அந்த இருபது என்ற அளவை நீங்களும் தாண்டாதீர்கள். தாண்டினால் பாடம் நடக்காது, காவல்தான் நடக்கும். மாதம் ஆயிரம் ரூபாய் ஊக்கத்தொகையில் அந்த வகுப்புகளை நடத்திய பெண்கள் உங்கள் தெருக்களிலேயே இருக்கிறார்கள்; அடுத்த பொறுப்பாளரைத் தேடும்போது அவர்கள் வீட்டுக் கதவை முதலில் தட்டுங்கள். பிள்ளைகளை வகுப்பு வாரியாக உட்கார வைக்காமல், இரண்டாம் வகுப்புப் பாடத்தில் ஒரு பத்தியைத் தனித்தனியாக வாசிக்கச் சொல்லி, எழுத்து தெரிந்தவர், சொல் வாசிப்பவர், பத்தி வாசிப்பவர் என்று பிரியுங்கள். ஒரு பிள்ளைக்கு ஐந்து நிமிடம் போதும். வீட்டுப்பாடம் முடித்துக் கொடுக்கும் இடமாகப் படிப்பகம் மாறினால், பின்தங்கிய பிள்ளை பக்கத்து நோட்டைப் பார்த்து எழுதிக்கொண்டு கடைசிவரை வாசிக்கத் தெரியாமலே போய்விடும்.

பாதுகாப்பு விதியில் மூத்தவர், புதியவர் என்ற வேறுபாடு கிடையாது. எந்த நேரமும் பெரியவர் இருவர் இருக்க வேண்டும், கதவு திறந்திருக்க வேண்டும், ஒரு பிள்ளையைத் தனியாக யாரும் பைக்கில் ஏற்றிப் போகக் கூடாது. நாற்பது வருடம் நல்ல பெயர் எடுத்தவருக்கும் இதே விதிதான். அது பிள்ளைகளைக் காக்கிறது, வீண்பழி வராமல் அவரையும் காக்கிறது. அவரிடம் இதைச் சொல்லக் கூச்சப்படாதீர்கள். பெரும்பாலும் அவர்தான் முதலில் ஒத்துக்கொள்வார். பிள்ளை மேல் பாலியல் குற்றம் நடந்ததாகத் தெரிந்தால் 2012ஆம் ஆண்டு போக்சோ சட்டப்படி காவல்துறைக்குத் தெரிவிக்க வேண்டியது ஒவ்வொருவரின் கடமை. சங்கத்துக்குள்ளே பேசித் தீர்த்துக்கொள்வது குற்றம்; அமைப்பின் பொறுப்பில் இருப்பவர் மறைத்தால் ஓராண்டு வரை சிறை. 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணைப் பிள்ளைகள் உயரத்துக்குச் சுவரில் எழுதி வையுங்கள்.

இனி, பொறுப்பை யாரிடம் கொடுப்பது. இளைஞர்கள் வருவதில்லை என்ற புலம்பலை நாங்கள் எல்லா ஊரிலும் கேட்கிறோம். வருகிறார்கள். நாட்டு நலப்பணித் திட்ட மாணவருக்கு இரண்டு வருடத்தில் 240 மணி நேரம் சேவை செய்ய வேண்டியிருக்கிறது. உங்கள் ஊர்க் கல்லூரியில் திட்ட அலுவலரைப் பார்த்துப் பேசினால் அனுப்பி வைப்பார். வந்தவர்களை நாற்காலி அடுக்கவும் பேனர் கட்டவும் விட்டால் இரண்டாம் வாரம் காணாமல் போவார்கள். வாரம் இரண்டு மணி நேரம், ஆறு வாரத்தில் முடிகிற, முடிந்ததென்று கண்ணால் பார்க்கக்கூடிய வேலையாகக் கொடுங்கள். பண நன்கொடை தந்தவர்கள் பட்டியலைச் சரிபார்ப்பது ஒன்று. நூலகப் புத்தகங்களுக்கு எண் போடுவது ஒன்று. ஆறு வாரம் முடிந்ததும் உட்கார வைத்து, தொடர விருப்பமா என்று கேளுங்கள். பத்துப் பேரில் இருவர் தொடர்ந்தாலும் அது நல்ல அறுவடைதான்.

அந்த இருவரையும் அண்ணனோடு இணைத்து விடுங்கள். ஒருவர் மட்டும் போதாது. அவர் வெளியூரில் வேலை கிடைத்துப் போனால் பழைய கதைதான். முதல் முகாமில் அவர்கள் உடன் நின்று பார்க்கட்டும். இரண்டாவதைச் சேர்ந்து நடத்தட்டும். மூன்றாவதில் அண்ணன் வீட்டில் இருக்க வேண்டும், போனில் மட்டும் கிடைக்க வேண்டும். இந்த மூன்றாவது படியில்தான் பல இடங்களில் முறிகிறது. அவர் பொறுக்க முடியாமல் பந்தலுக்கு வந்துவிடுவார், எல்லோரும் பையன்களை விட்டுவிட்டு அவரைச் சுற்றி நிற்பார்கள். அன்று அவருக்கு வேறு வேலை கொடுத்திருங்கள்: ரத்த வங்கி மருத்துவ அலுவலரைச் சந்தித்து அடுத்த ஆண்டு முகாம் தேதிகளைப் பேசி முடிப்பது போல, அவரால் மட்டுமே முடிகிற ஒன்று.

பொறுப்பைக் கொடுத்த பிறகு அவரை ‘கௌரவ ஆலோசகர்’ ஆக்கி மூலையில் உட்கார வைப்பது கொடுமை. அவர் விரும்பும் ஒரு துறையை முழுதாக அவரிடமே விடுங்கள். 65 வயதில் ரத்தம் கொடுப்பது நின்றுவிடும், ஆனால் முதல்முறை கொடுக்கப் பயப்படும் பையனிடம் பேசுவதற்கு அவரை விட்டால் ஆள் இல்லை. அதே மூச்சில் இன்னொன்றும் சொல்கிறோம்: துணைவிதியில் ‘நிறுவனரே வாழ்நாள் தலைவர்’ என்று ஒரு வரி இருந்தால் பொதுக்குழு கூட்டி நீக்குங்கள். அன்பினால் எழுதிய அந்த வரியால் உடைந்த சங்கங்கள் உண்டு.

வண்டியில் அலையும் தொண்டர் எல்லோருக்கும் பிரதமரின் சுரக்ஷா பீமா விபத்துக் காப்பீடு இருக்கிறதா என்று கேளுங்கள். வருடம் 20 ரூபாய், அவரவர் வங்கிக் கணக்கிலிருந்தே பிடிப்பார்கள், விபத்து மரணத்துக்கு 2 லட்சம். 70 வயதோடு அது முடிகிறது. அதைத் தாண்டியவரை இரவில் பைக்கில் அனுப்பாதீர்கள்.

விருது பற்றி. முதலமைச்சரின் மாநில இளைஞர் விருது 15 முதல் 35 வயது வரையுள்ளவர்களுக்கு. உங்கள் இளையவர்களுக்கு அது பொருந்தும். மூத்தவர்களுக்குப் பத்ம விருதுகள் இருக்கின்றன. ஸ்ரீவைகுண்டம் கல்லூரியில் நூலகராக இருந்து சம்பளத்தை ஏழைப் பிள்ளைகளுக்குக் கொடுத்துவந்த பாலம் கல்யாணசுந்தரம் 2023இல் பத்மஸ்ரீ பெற்றார். கூலி வேலை செய்த பெண்கள் பெயருக்கு நிலம் வாங்கித் தந்த கிருஷ்ணம்மாள் ஜெகந்நாதனுக்கு 2020இல் பத்மபூஷண். யாரும் யாரையும் இணையத்தில் பரிந்துரைக்கலாம், சேவையை 800 சொல்லுக்குள் எழுத வேண்டும். இங்கேதான் நம் ஊர்க்காரர்கள் தோற்கிறார்கள். ‘தன்னலமற்ற சேவை செய்தார்’ என்று நாலு முறை எழுதுவார்கள். எந்த வருடம், எந்த ஊர், எத்தனை பேர் என்று ஒன்றும் இருக்காது, ஏனென்றால் யாரும் குறித்து வைக்கவில்லை.

குறித்து வைக்க இன்றே தொடங்கலாம். செல்போனில் ஒலிப்பதிவைப் போட்டு அவரோடு உட்காருங்கள், ஒரு தடவைக்கு முக்கால் மணி நேரத்துக்கு மேல் வேண்டாம். ‘உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்’ என்று கேட்டால் பொத்தாம்பொதுவாகத்தான் பதில் வரும். முதல் முகாமுக்கு இடம் கொடுத்தது யார், எந்தத் தெரு எதிர்த்தது, எந்த வருடம் பணம் இல்லாமல் நின்றது, அப்போது யார் உதவினார்கள் என்று கேளுங்கள். பழைய புகைப்படங்களில் இருப்பவர்களின் பெயரை அவர் சொல்லச் சொல்லப் பின்பக்கம் மெல்லிய பென்சிலால் எழுதுங்கள். பேனா மை ஊறி முன்பக்கம் வந்துவிடும். அந்தப் படங்களில் ஓரமாக நிற்கும் பெண்களின் பெயர்களையும் விடாமல் கேளுங்கள். முகாமுக்கு உப்புமா கிண்டியவர், படிப்பகத்தைக் கூட்டிக் கோலம் போட்டவர், அண்ணன் வேலைக்குப் போன நேரத்தில் போனை எடுத்து யாருக்கு எந்த ரத்தம் என்று எழுதி வைத்த அவர் மனைவி. உங்கள் உறுப்பினர் பதிவேட்டில் பலருடைய பெயர் இருக்காது. அவர்களும் வாழ்நாள் தொண்டர்களே. இனிமேலாவது குழுவில் உட்காரட்டும்.

உங்கள் அடுத்த செயற்குழுவில் கீழ்க்கண்டவாறு ஒரு தீர்மானம் எழுதி, படித்து, கையெழுத்திடுமாறு கேட்டுக்கொள்கிறோம். சொற்களை உங்கள் வசதிப்படி மாற்றிக்கொள்ளலாம்.

‘சங்கத்தின் பதிவு, வங்கி, நன்கொடை, ரத்ததானம், படிப்பகம் தொடர்பான அனைத்துக் காகிதங்களையும் பட்டியலிட்டு, ஒவ்வொரு பணிக்கும் இருவரைப் பொறுப்பாளராக நியமித்து, தற்போது அப்பணியைச் செய்துவருபவரிடம் மூன்று முகாம் காலத்துக்கு அவர்கள் பயிற்சி பெறவும், அவர் இதுவரை சொந்தப் பணத்தில் செய்த, கணக்கில் வராத செலவுகளை நன்றியுடன் பதிவு செய்யவும், நிர்வாகக் குழு மாற்றத்தை மாவட்டப் பதிவாளரிடம் உடனே தாக்கல் செய்யவும் இக்கூட்டம் ஒருமனதாகத் தீர்மானிக்கிறது.’

தோழமையுடன்,
ரத்ததான முகாம், படிப்பகம், சங்கக் கணக்கு ஆகிய பணிகளில் உடனிருக்கும் தன்னார்வலர்கள்